36 பெண்கள் ஒன்றாகச் சொன்னபோது



சேமிப்பு, கடன் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் தூர தேசத்துப் பெண்கள் சிலரைப் பற்றிச் சொல்றேன்.

குவாத்தமாலா நாட்டில் ரபினால் என்று ஓர் ஊர். 1980-களில் அங்கே உள்நாட்டுப் போர். ராணுவம் ஊர் ஆண்களையே சேர்த்து, 'தற்காப்பு ரோந்து' என்ற பெயரில் ஆயுதப் படை அமைத்தது. அந்தப் படையினர் மாயா அச்சி பழங்குடிப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 1996-ல் போர் முடிஞ்சது. ஆனா செஞ்சவங்க அதே ஊர்ப்பக்கத்துலதான் இருந்தாங்க. யார்கிட்ட போய்ச் சொல்றது? பயம் ஒரு பக்கம், ஊர்ப்பேச்சு ஒரு பக்கம்.

பல வருஷம் கழித்து 36 பெண்கள் சேர்ந்து நீதி கேட்டார்கள். பழங்குடிப் பெண் வழக்கறிஞர்களே அவர்களுக்காக வாதாடினார்கள். 2019-ல் குற்றம் சாட்டப்பட்ட சிலர் விடுவிக்கப்பட்டபோதும் இவங்க விடல. 2022 ஜனவரி 24-ல் ஐந்து பேருக்குத் தலா 30 ஆண்டு சிறை. 2025-ல் இன்னும் மூவருக்குத் தலா 40 ஆண்டு.

நம்ம கூட்டத்தில் ஒருத்தி பேசாம மூலையில உட்கார்ந்திருந்தா, தவணைப் பாக்கியை மட்டும் கேட்காதீங்க. "என்னம்மா ஆச்சு?"ன்னு தனியாக் கேளுங்க. அவ சொன்னா நம்புங்க. குடும்ப மானம்னு அடக்காதீங்க. அவ சம்மதிச்சா 181-க்குப் போன் போடுங்க. காவல் நிலையத்துக்குத் துணையா ரெண்டு பேர் போங்க. இதை இன்றே தீர்மானமாக எழுதுவோம்.