எலும்பு மெலிவுக்கு இப்படியும் ஒரு காரணம்



எலும்பு மெலிவு வயதான பெண்களுக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம். நாற்பது வயது ஆண்பிள்ளைக்கும் வரலாம். குனிந்து மூட்டையைத் தூக்குவார், முதுகெலும்பு நொறுங்கிவிடும். "சுளுக்குதானே" என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடுகிறோம். இளம் வயதில் லேசான வேலைக்கே எலும்பு முறிந்தால் காரணம் தேட வேண்டும்.

காரணங்களில் ஒன்று, மாஸ்டோசைட்டோசிஸ் என்ற அபூர்வ நோய். மாஸ்ட் செல்கள் நம் உடம்பின் காவல்காரர்கள். அவை எலும்பு மஜ்ஜையில் அளவுக்கு மீறிப் பெருகினால், ஹிஸ்டமின் போன்ற பொருள்களைக் கக்கி எலும்பை அரிக்கச் செய்யும்.

அடையாளம் என்ன?

தோலில் பழுப்புப் புள்ளிகள் வரலாம். தேய்த்தால் தடித்து அரிக்கும். சிலருக்குப் புள்ளியே இராது. திடீரென முகம் சிவக்கும், வயிற்றுப்போக்கு வரும். குளவி கொட்டினால் மயங்கி விழலாம்.

இது ஒட்டுவாரொட்டி அல்ல. புள்ளியைப் பார்த்துப் பயந்து கணவனோ மனைவியோ ஒதுங்க வேண்டாம். பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் வராது.

சிகிச்சை உண்டா?

உண்டு. இரத்தத்தில் டிரிப்டேஸ் அளவு, எலும்பு அடர்த்தி, தேவையானால் மஜ்ஜை ஆகியவற்றைப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதிப்பார்கள். அரிப்புக்குத் தரும் மாத்திரை மட்டும் எலும்புக்குப் போதாது. கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றோடு, எலும்பு அரிப்பைத் தடுக்கும் மருந்தும் வேண்டும். அலென்ட்ரோனேட் மாத்திரை வழக்கமாக வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்குங்கள், காப்பியோடு கூடாது. அரை மணி நேரம் படுக்காதீங்க; படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வேறு சிலருக்கு ஜோலெட்ரோனிக் அமிலம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். முன்னதாகப் பல்லையும் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும்.

இன்னும் குழந்தை பெற விரும்பும் தம்பதியர் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இம்மருந்து எலும்பில் பல வருஷம் தங்கும்.

கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடாதீங்க. ஆஸ்பிரின் போன்றவை சிலருக்கு நோயைக் கிளறிவிடும். சாராயமும் அப்படியே. ஆபரேஷன் என்றால் நோயை முன்கூட்டியே சொல்லுங்கள். டாக்டர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால், அதைத் தொடையில் போடும் முறையை வீட்டுக்காரரும் வீட்டுக்காரியும் கற்றுக்கொள்ளுங்கள். குளவி கொட்டி மயக்கம் வந்தால் உடனே போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

வலி குறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள். முறிந்த எலும்புக்கு மட்டுமல்ல, முறியாத எலும்புக்கும் அதுவே காவல்.