செட்டாப் பெட்டியின் சாவி யார் கையில்?

(ஆயக்குடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் பஞ்சப்படியைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் டெலிவிஷனைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வாங்கிய கூலி எந்தெந்த வழியாக நம் கையை விட்டுப் போகிறது என்று பார்ப்பதும் கூலிப் பிரச்னைதான். கொய்யாத் தோப்பில் பழம் பறிக்கும் தாயின் கூலியிலிருந்தும், நூல் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கும் வாலிபனின் சம்பளத்திலிருந்தும் மாதம் தவறாமல் ஒரு தொகை கேபிளுக்குப் போகிறது. அது ஏன் ஏறியது? ஏற்றியவர்கள் யார்? இன்று அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் கொடைக்கானல் மலையிலிருக்கும் தூர்தர்ஷன் கோபுரத்தை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பி வைத்தால் போதும், படம் வரும். மாதச் சந்தா கிடையாது. பிறகு கேபிள் வந்தது, சந்தாவும் வந்தது. 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. சர்க்கார் வீடுதோறும் இலவசக் கலர் டெலிவிஷன் கொடுத்தது. பெட்டி இலவசம், படத்துக்குக் காசு. பசுவைத் தானம் கொடுத்துவிட்டு வைக்கோலை விலைக்கு விற்ற கதை இது. இலவசப் பெட்டி எத்தனை குடிசைகளுக்குள் போனதோ அத்தனை புதுச் சந்தாதாரர்கள் கேபிள் கம்பெனிகளுக்குக் கிடைத்தார்கள்.

2007 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் ஆரம்பிக்கப்பட்டது. ஜனங்கள் மீது பிறந்த பாசத்தால் மட்டும் ஆரம்பிக்கப்பட்டதல்ல. ஆளும் குடும்பத்துக்குள் தகராறு மூண்டிருந்த சமயம் அது. தகராறு தீர்ந்ததும் கார்ப்பரேஷன் தூங்கிப் போயிற்று. ஆட்சி மாறிய பின் 2011 செப்டம்பர் 2-ந் தேதி அதை எழுப்பி, மாதம் 70 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அதில் 20 ரூபாய் கார்ப்பரேஷனுக்கு, மீதி 50 ரூபாய் உள்ளூர் கேபிள்காரருக்கு. எந்தக் காரணத்தால் பிறந்திருந்தாலும் சரி, சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று மார்க்கெட்டில் நின்றதும் தனியார் தம் இஷ்டத்துக்கு விலை வைக்க முடியாமல் போயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதுவரை ஓடியது அனலாக் முறை. ஊர்க் கேபிள்காரர் அறைக்கு வரும் படம் வயர் வழியே திறந்த வாய்க்கால் தண்ணீர் மாதிரி எல்லா வீட்டுக்கும் ஒன்றாக ஓடும். எத்தனை வீட்டுக்குப் போகிறது என்பது கேபிள்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். முந்நூறு வீட்டை நூறு என்று கணக்குக் காட்டியவர்களும் உண்டு.

டிஜிட்டல் முறை அப்படியல்ல. படமும் ஓசையும் எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு, பூட்டுப் போடப்பட்டு வருகின்றன. ஒரு சானல் ஓடிய இடத்தில் பத்துக்கு மேற்பட்ட சானல்கள் ஓடும், படமும் தெளிவு. வீட்டிலிருக்கும் செட்டாப் பெட்டி பூட்டைத் திறக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி நம்பர். எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரு பொத்தானை அமுக்கினால் ஆயக்குடியில் ஒரு குறிப்பிட்ட வீட்டின் படத்தை மட்டும் நிறுத்திவிடலாம். வாய்க்காலுக்கு மடை வைத்தாயிற்று; மடையின் பூட்டு வெளியூரில் இருக்கிறது.

1995-ம் வருஷத்துக் கேபிள் சட்டத்தை 2011 டிசம்பரில் பார்லிமெண்டில் திருத்தி இதைக் கட்டாயமாக்கினார்கள். சென்னை உட்பட நான்கு பெருநகரங்கள் முதல் கட்டம். கோயமுத்தூர் உட்பட 38 நகரங்கள் இரண்டாம் கட்டம். மற்ற நகரங்கள் மூன்றாம் கட்டம். எஞ்சிய கிராமப் பகுதிகள் நான்காம் கட்டம். பல தடவை ஒத்திவைத்த பிறகு கடைசிக் கட்டத்துக்குக் கெடு 2017 மார்ச் 31.

தோழர்களே, இந்த விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கிறோமா? இல்லை. மில்லில் புது மிஷின் வந்தபோது மிஷினை உடைக்கச் சொன்னோமா? மிஷினால் வரும் லாபம் யாருக்கு, வேலை போகிறவன் கதி என்ன என்று கேட்டோம். அதே கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கிறோம்.

அமெரிக்காவில் 2009 ஜூன் மாதம் டெலிவிஷன் ஒளிபரப்பை டிஜிட்டலாக மாற்றினார்கள். முதலாளித்துவத்தின் கோட்டையான அந்த நாட்டிலேயே, பழைய செட் வைத்திருந்தவர்கள் மாற்றுப் பெட்டி வாங்க 40 டாலர் மதிப்புள்ள கூப்பனைச் சர்க்கார் கொடுத்தது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு வரை. இங்கே மத்திய சர்க்கார் கெடுத் தேதியைக் கொடுத்தது; பெட்டிக்கான செலவை ஜனங்கள் தலையில் விட்டுவிட்டது.

விலைக் கணக்கை நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலியோடு சேர்த்துப் பாருங்கள். 2011-ல் ஒரு நாள் கூலி 119 ரூபாய். கேபிள் 70 ரூபாய். 2017-ல் கூலி 205 ரூபாய்; அரசு கேபிளின் டிஜிட்டல் சந்தா 125 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 147 ரூபாய் 50 காசு. 2019 பிப்ரவரியில் டிராய் கொண்டுவந்த புதுக் கட்டண முறைக்குப் பிறகு அரசு கேபிளே 220 ரூபாய் கேட்டது. வரியோடு 259 ரூபாய் 60 காசு. அந்த வருஷம் அறிவித்த ஒரு நாள் கூலி 229 ரூபாய்! ஒரு நாள் முழுதும் வெயிலில் மண் வெட்டினாலும் ஒரு மாதக் கேபிளுக்குப் போதாது என்ற நிலை. ஜனங்களின் அதிருப்தி கிளம்பியதும் 2019 ஆகஸ்ட் 10 முதல் 130 ரூபாயும் வரியும் என்று இறக்கினார்கள். அதாவது 153 ரூபாய் 40 காசு. இதில் 23 ரூபாய் 40 காசு வரி மட்டும்.

“பிடித்த சானலுக்கு மட்டும் காசு கொடு” என்று சொல்லித்தான் அந்தப் புது முறையைக் கொண்டு வந்தார்கள். அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பும் இருந்தது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையும் டிராய் எடுத்துவிட்டது. இனி போட்டியே விலையைக் கட்டுப்படுத்துமாம். ஓநாய்களின் போட்டி ஆட்டைக் காப்பாற்றுமா?

அரசு கேபிளின் கதி என்ன? டிஜிட்டல் லைசென்ஸ் கேட்டு 2012 ஜூலையில் விண்ணப்பித்தது. ராஜ்ய சர்க்கார்களுக்கு இந்தத் துறையில் இடம் கொடுக்கலாகாது என்று டிராய் 2008-லும், மறுபடி 2012 டிசம்பரிலும் சிபாரிசு செய்தது. லைசென்ஸ் கிடைத்தது 2017 ஏப்ரலில். கடைசிக் கெடு முடிந்து இரண்டு வாரம் கழித்து! ஏறக்குறைய ஐந்து வருஷம் சர்க்கார் ஸ்தாபனத்தின் கையைக் கட்டிப் போட்டார்கள். அந்த ஐந்து வருஷமும் தனியார் கம்பெனிகள் தங்கள் டிஷ்ஷையும் பெட்டியையும் ஊர் ஊராக மாட்டினார்கள். 2017 செப்டம்பர் 1-ந் தேதிதான் அரசு கேபிள் இலவசப் பெட்டிகளைக் கொடுக்க ஆரம்பித்தது.

ராஜ்ய சர்க்காரின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. பெட்டி சர்க்காருடையது, ஆனால் பெட்டியை இயக்கும் சாப்ட்வேர் காண்ட்ராக்ட்காரரிடம். 2022 நவம்பர் 19-ந் தேதி என்ன நடந்தது? பணத் தகராறில் சுமார் 21 லட்சம் பெட்டிகள் செத்துப் போயின. சந்தா கட்டியவர்கள் குற்றம் செய்யவில்லை. வீட்டு வாசலில் வந்து ஏச்சு வாங்கிய கேபிள்காரரும் குற்றம் செய்யவில்லை. சாவியைத் தனியாரிடம் கொடுத்துவிட்டுக் கதவின் மேல் “அரசு” என்று எழுதி வைத்தால் இப்படித்தான் முடியும்.

டெலிவிஷன் வெறும் சினிமாப் பாட்டுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பமாயிற்று. 2020-ல் கொரோனா வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, செல்போன் வாங்க வழியற்ற ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் அதன் வழியாகத்தான் போயிற்று. அந்த வீட்டில் பெட்டி செத்தால் குழந்தையின் பாடமும் நிற்கிறது. செய்தி, மழை எச்சரிக்கை, பாடம் ஆகிய மூன்றும் ஜனங்களின் உரிமை.

மாற்றத்தில் அடிபட்ட தொழிலாளிகளையும் மறக்க வேண்டாம். கம்பத்தில் ஏறி வயர் இழுக்கும் வாலிபன் மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் உயிரைப் பணயம் வைக்கிறான். ஊர்க் கேபிள்காரர் நேற்று சொந்தக்காரர். இன்று பெரிய கம்பெனிக்கு வசூல் செய்து கொடுக்கும் ஏஜெண்டு. இணைப்புகள் செல்போனுக்கும் இண்டர்நெட்டுக்கும் போகப் போக அவர் பிழைப்பு தேய்கிறது. முதலில் வேலை போவது வயர் இழுக்கும் வாலிபனுக்கு. வாசலில் நிற்கும் அவரோடு சண்டை போட்டுப் பயனில்லை. செல்போனுக்கு மாறினால் தப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். அங்கே பூட்டு இரண்டு மூன்று பெரிய கம்பெனிகளின் கையில். ரீசார்ஜ் முடிந்தால் கதவு சாத்தப்படும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

அடிப்படைச் சேவைக்கு ஜி.எஸ்.டி. கூடாது, நீக்கிய உச்சவரம்பைத் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

ஒரு கம்பெனியின் செட்டாப் பெட்டி மற்றக் கம்பெனியின் இணைப்பிலும் வேலை செய்ய வேண்டும். செல்போனில் எந்தக் கம்பெனி சிம்மையும் போடுகிறோமே, அதுபோல. 2020 ஏப்ரலில் டிராயே இதைச் சிபாரிசு செய்திருக்கிறது. அமல் நடத்துங்கள்!

அரசு கேபிள் தன் சாப்ட்வேரைத் தானே சொந்தமாக வைத்து, நிரந்தர ஊழியர்களைக் கொண்டு நடத்த வேண்டும்.

கேபிள் தொழிலாளர்களுக்குப் பி.எப்., ஈ.எஸ்.ஐ., விபத்து நஷ்டஈடு வேண்டும்.

இவற்றுக்காகப் போராடும்போதே இன்றைக்குச் செய்யக்கூடியதும் உண்டு. சந்தாவுக்கு ரசீது கேளுங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் எழுத்து மூலம் அத்தாட்சி வாங்குங்கள். அரசு கேபிளில் அறிவித்த தொகைக்கு மேல் வசூலித்தால் தனித்தனியாக முணுமுணுக்காமல், தெருவாரியாகக் கையெழுத்து வாங்கி, திண்டுக்கல்லில் இருக்கும் கேபிள் டிவி தனித் தாசில்தாரிடம் சங்கத்தின் மூலம் கொடுப்போம். ஒருவர் போனால் மனு; ஊரே போனால் கோரிக்கை. ரசீதுகளோடு அடுத்த வாரம் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், தோழர்களே! கையெழுத்து இயக்கத்தை அங்கிருந்து ஆரம்பிப்போம்.