பேரன் போட்ட வேர்க்கடலை

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காரியதரிசி என்னைப் பேச அழைத்தபோது, ஓய்வூதியம் அல்லது வருமான வரி பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். தணிக்கைத் துறையில் 36 ஆண்டுகள் குப்பை கொட்டியவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! நான் சொல்ல வந்தது நானே செய்த ஒரு தவறு. அதைத் தணிக்கை செய்தவன் என் பத்து வயதுப் பேரன்.

நாங்கள் அஹமதாபாத்தில் மணிநகரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்தும் அளவுக்கு ஓர் இடம். பேரனுக்குச் செடி வளர்ப்பதில் ஆசை. கொத்துமல்லி, வெந்தயம், தக்காளி என்று எதையாவது போட்டுக்கொண்டே இருப்பான். 2023 ஜூலையில் மழை பெய்ததும், அவன் பாட்டி சனிக்கிழமை சுண்டலுக்கு வைத்திருந்த பச்சை வேர்க்கடலையில் ஒரு பிடி எடுத்து இரண்டு சாக்கிலும் ஒரு பழைய பெயிண்ட் வாளியிலும் ஊன்றினான். குஜராத் கடலைக்குப் பேர்போன மாநிலம் ஆயிற்றே, பதினோரு செடிகள் தளதளவென்று வந்தன. ஒரு மாதத்தில் மஞ்சள் பூ. காலையில் பூக்கும், மாலைக்குள் வாடிவிடும். பேரன் தினம் எண்ணி ஒரு நோட்டில் எழுதினான். செப்டம்பர் வந்தும் செடியில் ஒரு காய்கூடத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் பள்ளியில் கணக்குப் பரீட்சையில் இருபத்தைந்துக்கு ஒன்பது வாங்கி வந்தான். என் பிள்ளைக்குக் கோபம். "செடியும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், முதல்ல படிக்கட்டும். அந்தச் சாக்கை எல்லாம் காலி பண்ணிடுங்கோப்பா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டான். நானும் யோசிக்கவில்லை. பூவெல்லாம் உதிர்ந்தாயிற்று, காய் இல்லை, ஆகவே கோப்பை மூடிவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு சாக்கிலும் இருந்த ஏழு செடிகளைப் பிடுங்கி, வேரைப் பார்க்காமலே மூலையில் போட்டேன். இடுப்பு வலித்ததால் வாளியை மறுநாளைக்கு ஒத்திவைத்தேன். அது தப்பியதற்கு என் விவேகம் காரணமில்லை.

மாலையில் பள்ளியிலிருந்து வந்தவன் அழவில்லை. வாடிய செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மண்ணை உதறினான். பிறகு உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தான். பால் பல் மாதிரி வெள்ளையாக, நசுக்கினால் தண்ணீர் வரும்படியான பிஞ்சுகள்.

"தாத்தா, நீங்க பாட்டனிதானே படிச்சேள்?"

குத்தலாகக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்டான். எனக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. 1971-ல் திருச்சியில் தாவரவியலில் பி.எஸ்ஸி. தேறியவன் நான். அராக்கிஸ் ஹைப்போஜியா என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஹைப்போஜியா என்றாலே மண்ணுக்கு அடியில் என்று அர்த்தம். பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசி போல ஒரு விழுது கிளம்பி, கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் புகும். அதன் நுனி இருட்டில்தான் காயாகப் பருக்கும். பூ உதிர்ந்ததை நான் முடிவு என்று எடுத்துக்கொண்டேன். செடிக்கு அங்கேதான் வேலையே ஆரம்பம்.

வேரில் இருந்த சிறு முடிச்சுகளைக் காட்டி "இது வியாதியா?" என்றான். ஒன்றை நகத்தால் கிள்ளிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும் பாக்டீரியா குடியிருக்கும் இடம் அது, அந்தச் சிவப்பு நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவு என்று சொன்னேன். ஐம்பது வருஷத்துப் பாடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் பிடுங்கிய செடிக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

இரவு என் பிள்ளையிடம் நானே பேசினேன். வாளி பிழைத்தது. விழுது எளிதாக இறங்கட்டும் என்று நானும் பேரனுமாக மண்ணைக் கிளறி அடியில் அணைத்தோம்.

அக்டோபர் 23, சரஸ்வதி பூஜை. புத்தகத்தைத் தொடக்கூடாது, கொத்துக் கரண்டியும் பூஜையில். எனவே கையாலேயே வாளியைக் கவிழ்த்தான். ஒரு காயை உடைத்து ஓட்டின் உட்புறம் பழுப்பாகி இருப்பதைக் காட்டி, இதுதான் முற்றியதற்கு அடையாளம் என்றேன். நாலு செடியில் 61 காய்கள். மூன்று பொக்கு. அவற்றையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம். சாயங்காலம் கொலுவுக்கு வந்தவர்களுக்கு, கடைக் கடலையும் சேர்த்துச் சுண்டல் ஆயிற்று. என் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

விஜயதசமி அன்று காலை பேரன் நோட்டோடு வந்தான். நாலு செடிக்கு 61 என்றால் ஒரு செடிக்குப் பதினைந்தே கால், ஏழு செடிக்கு நூற்றாறே முக்கால்.

"தாத்தா, உங்களால 107 காய் நஷ்டம்."

எத்தனையோ அலுவலகங்களுக்கு நான் ஆட்சேபணை எழுதியிருக்கிறேன். எனக்கு வந்தது இது ஒன்றுதான். பதில் இன்னும் கொடுக்கவில்லை. அவன் 18 காய்களை ஓடு உடைக்காமல் விதைக்கென்று தனியே எடுத்து வைத்தான். அடுத்த ஜூலையில் என்னையும் கூப்பிட்டான், சாக்கில் மண் நிரப்ப மட்டும்.