உடம்பு வைத்திருக்கும் செக்ரோல்

(சித்தியவான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. கோவிட் நோய் பிறகு லயங்களுக்குள்ளும் நுழைந்தது. நம்மில் பலருக்கு இரண்டு நாள் காய்ச்சல், நாலு நாள் இருமல் என்று அது லேசாகவே போயிற்று. அன்று முதல் நம்மிடையே இரண்டு பேச்சு உலவுகிறது. "லேசாக வந்த நோயினால் உடம்பில் எந்த எதிர்ப்பும் தங்காது" என்பது ஒன்று. "ஒரு முறை வந்துவிட்டது, இனி அது நம்மை அண்டாது" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்று சொல்லவே இன்று எழுந்தோம்.

முதற் பேச்சைப் பார்ப்போம். கிருமி நுழைந்ததும் உடம்பு அதை எதிர்க்கும் பொருளை உண்டாக்குகிறது. நோய் தீர்ந்த சில மாதங்களில் இரத்தத்தில் அதன் அளவு வேகமாகக் குறைகிறது. இதைக் கண்டு எதிர்ப்புச் சக்தியே போய்விடுமோ என்று பலர் அஞ்சினர்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்து, 2021 மே மாதம் முடிவை வெளியிட்டனர். கோவிட் கண்டு குணமான 77 பேரை அவர்கள் பரிசோதித்தனர். பெரும்பாலோர்க்கு லேசான நோய்தான். ஏறத்தாழ ஏழு மாதம் கழித்து, அவர்களில் 18 பேரின் எலும்பு மஜ்ஜையைச் சிறிது எடுத்துப் பார்த்தார்கள். 15 பேரிடம் கோவிட் கிருமிக்கான எதிர்ப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் இருந்தன. மேலும் நான்கு மாதம் சென்று மீண்டும் பார்த்த ஐவரிடமும் அவை அப்படியே இருந்தன. கோவிட் வராத 11 பேரிடம் அவை இல்லை.

இதன் பொருள் என்ன? அவசரத்துக்குச் சேர்த்த காண்டிராக்டு ஆட்கள் வேலை முடிந்ததும் போய்விடுகிறார்கள். செக்ரோலில் பெயருள்ள நிரந்தர ஆட்களோ தங்கி, நாள் தவறாமல் வேலை செய்கிறார்கள். உடம்பிலும் அதுவே நடக்கிறது. இரத்தத்தில் அளவு குறைந்தது காண்டிராக்டு ஆட்கள் போனதால். மஜ்ஜையில் நிரந்தர ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களைத் தவிர, கிருமியின் அடையாளத்தை நினைவில் வைத்து, அது திரும்பி வந்தால் விழித்தெழும் உயிரணுக்களும் உண்டு. பக்கத்துச் சிங்கப்பூரில், 2003-இல் சார்ஸ் நோய் கண்டு பிழைத்த 23 பேரிடம் 17 ஆண்டு சென்றும் அத்தகைய நினைவணுக்கள் இருந்தன.

இனி இரண்டாவது பேச்சு. செக்ரோலில் பெயரைப் பதிந்து வைக்கலாம். வந்தவன் வேடம் மாறி வந்தால்? 2021 நவம்பரில் உலகம் அறிந்த ஓமிக்ரான் அப்படித்தான் உருமாறி வந்தது. முன்பு நோய் கண்டவர்களையும் ஊசி போட்டவர்களையும் அது மீண்டும் பிடித்தது. ஆயினும் உடம்பின் நினைவு வீண் போகவில்லை; நோய் முற்றி உயிருக்கு ஆபத்தாவதை அது பெரிதும் தடுத்தது. தடுப்பூசியின் வேலையும் நோயில் விழாமலே அந்த நினைவை உண்டாக்குவதுதான். ஆகவே நினைவு நமக்குக் கவசம். கோட்டைச் சுவர் அன்று.

தோழர்களே! இதை ஏன் சங்க மேடையில் பேசுகிறோம்? "உனக்குத்தான் முன்பே வந்ததே, வேலைக்குப் போ" என்ற சொல் பெரட்டில் காதில் விழுவதுண்டு. சில சமயம் அதை நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம்! ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒருவர் இருமல் பத்து வீட்டுக்குச் சொந்தம். நம் உடம்பு தாங்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பாட்டியின் உடம்பு தாங்குமா?

சட்டம் நமக்குத் துணையிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று பெற்ற தொழிலாளிக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். கிராணி நண்பர்களே, இதை ஒவ்வொரு தொழிலாளியிடமும் எடுத்துச் சொல்வது நம் கடமை.

உடம்பு தன் செக்ரோலை ஒழுங்காக வைத்திருக்கிறது. நாமும் நம் உரிமைக் கணக்கை மறவாமல் வைத்திருப்போம். காய்ச்சல் என்றால் கத்தியைக் கீழே வைப்போம், டாக்டரைப் பார்ப்போம், ஊசி போட அழைத்தால் முன்னே நிற்போம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!