பல்கலைக்கழக விளையாட்டரங்கில் மது விற்கலாமா?

இலட்சம் பேர் ஓரிடத்திற் கூடுவதை நாம் பெருந் திருவிழாக்களிலே கண்டிருக்கிறோம். ஒரு பல்கலைக்கழகத்து மாணவர் ஆடும் ஆட்டத்தைக் காண்பதற்கென்று அத்தனை பேர் கூடுவர் என்றால், அது நம்மிற் பலருக்குப் புதுமையாகவே இருக்கும். ஐக்கிய அமெரிக்காவில் இது பழகிப்போன காட்சி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கு 1927ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. இன்று அதில் 107,601 பேர் அமரலாம். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரங்கும், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் அரங்கும் இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொள்ளக்கூடியவையே. இலையுதிர் காலத்திலே ஆறேழு சனிக்கிழமைகளில் இவ்வரங்குகள் நிரம்பி வழியும்.

அங்கே ஆடப்படுவது நாம் உதைபந்தாட்டம் என்று வழங்கும் ஆட்டம் அன்று. முட்டை வடிவமான பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க உதைபந்தாட்டம் அது. கடிகாரக் கணக்கில் அது நான்கு கட்டங்களாக 60 நிமிடங்களே ஆயினும், அடிக்கடி நிறுத்தி ஆடப்படுவதால் முடிவுறுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். இந்த நீண்ட பொழுதிலே, பார்வையாளருக்கு அரங்கினுள் மது விற்கலாமா, ஆகாதா என்னும் கேள்வி அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பல ஆண்டுகளாக அலைக்கழித்து வந்திருக்கிறது. அக்கேள்வியையே இன்று உங்கள் முன் எடுத்துப் பேச விழைகின்றேன்.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த திருக்குறளைப் படித்து வளர்ந்த நமக்கு, இதற்கு விடை ஒரே சொல்லில் அடங்கிவிடும் போலத் தோன்றும். கல்வி நிலையத்திலே மது எதற்கு என்று கேட்டுவிட்டு எழுந்துவிடலாம். ஆயினும், உண்மை நிலையை உற்று நோக்குமிடத்து, விடை அத்துணை எளிதன்று என்பது புலனாகும். ஏனெனில், அரங்கினுள்ளே மது விற்கப்படாத காலத்திலும் அங்கே கூடியோரிற் பலர் மதுவருந்தியே இருந்தனர்.

அஃது எவ்வாறு? ஆட்டம் தொடங்குவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்னரே, அரங்கைச் சூழ்ந்த வாகனத் தரிப்பிடங்களில் மக்கள் கூடிவிடுவர். வாகனத்தின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, நண்பரும் உறவினருமாக உண்டு குடித்துக் களிப்பர். பின்கதவையே பெயராகக் கொண்ட விருந்து அது. தந்தையும் மகனும் பேரனுமாக அதற்கு ஆண்டுதோறும் வரும் குடும்பங்கள் பலவுண்டு. அதில் மகிழ்ச்சியும் உறவும் இருப்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அங்கே அளந்து ஊற்றுவாரும் இல்லை. வயது கேட்பாரும் இல்லை. அரங்கினுள்ளே குடிக்க முடியாது என்பதனால், வாயிலைக் கடக்குமுன் இயன்றவரை குடித்துவிட வேண்டும் என்று விரைந்து குடிப்பார் பலர். சட்டைக்குள் சிறு போத்தலை மறைத்துக்கொண்டு உள்ளே புகுவாரும் உளர்.

இனி, மதுவைத் தடுத்து வைத்தமைக்குரிய காரணத்தை நோக்குவோம். 1984ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. 21 வயது நிரம்பாதார் மது வாங்குவதைத் தடுக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதி நிறுத்தப்படும் என்பது அச்சட்டத்தின் சாரம். 1988ஆம் ஆண்டளவில் எல்லா மாநிலங்களும் 21 வயதையே எல்லையாக ஏற்றுக்கொண்டன. நம் நாட்டிலும் 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபைச் சட்டம் அதே வயதையே எல்லையாக வகுத்துள்ளமை நேயர்கள் அறிந்ததே. பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர் பதினெட்டு வயதினர். மூன்றாம் ஆண்டு வரையிலே அவருட் பெரும்பாலார் சட்டப்படி மது வாங்க உரிமையற்றவர். அத்தகைய மாணவர் நிறைந்த அரங்கிலே மதுக்கடை திறப்பது முறையன்று எனப் பல்கலைக்கழகங்கள் பல கருதியதில் நியாயம் உண்டு.

அந்தக் கருத்து மாறத் தொடங்கியதற்கு மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகம் எடுத்துக்காட்டாயிற்று. அவ்வரங்கிலே இடைவேளையின்போது பார்வையாளர் வெளியே சென்று மீண்டும் உள்ளே வருவதற்கு அனுமதி இருந்தது. அவ்வனுமதியைப் பெற்றவர்கள் வாகனங்களுக்குச் சென்று, அரை மணி நேரத்துள் வலிய மதுவை மிகையாக அருந்தி, தள்ளாடித் திரும்பினர். 2011ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் இரு காரியங்களை ஒருங்கே செய்தது. அரங்கினுள் பியர் விற்கத் தொடங்கியது. வெளியே சென்றவர் மீண்டும் நுழைவதை நிறுத்தியது. அப்பருவத்தில் மது காரணமான குழப்பங்கள் குறைந்தன என்று பொலீசார் அறிவித்தனர். பல்கலைக்கழகத்துக்குப் பணமும் கிடைத்தது. இச்செய்தி நாடெங்கும் பரவியது.

அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் திறந்தன. ரெக்சாஸ் பல்கலைக்கழகம் 2015ஆம் ஆண்டிலும், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2016ஆம் ஆண்டிலும் அரங்கு முழுவதும் விற்பனையைத் தொடங்கின. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன்னுடைய வாகைப் போட்டிகளில் மது விற்பனைக்கிருந்த தடையை 2018ஆம் ஆண்டில் நீக்கியது. தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, பொதுமக்கள் அமரும் பகுதிகளில் நெடுநாள் நிலவிய தடையை 2019ஆம் ஆண்டில் அகற்றி, முடிவைத் தன் உறுப்புப் பல்கலைக்கழகங்களுக்கே விட்டது. மிச்சிகனும், 2023ஆம் ஆண்டில் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டதன் பின், 2024ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கியது.

விற்கலாம் என்பார் கூறும் நியாயங்கள் மூன்று. முதலாவது, பாதுகாப்பு. தரிப்பிடத்தில் மறைவாகவும் விரைவாகவும் குடிப்பதைவிட, கண்காணிப்பின் கீழே, விலை கொடுத்து, வரிசையில் நின்று, சிறிது சிறிதாகக் குடிப்பது தீமை குறைந்தது என்பர். இரண்டாவது, சமத்துவம். பொது இருக்கைகளில் மது தடுக்கப்பட்டிருந்த காலத்திலும், பெருந்தொகை கொடுத்துத் தனி அறைகளில் அமர்ந்த செல்வருக்குப் பல அரங்குகளில் மது பரிமாறப்பட்டே வந்தது. மினசோட்டா மாநிலத்துச் சட்டசபை, செல்வருக்கு விற்பதாயின் பொது இருக்கைகளில் இருப்போருக்கும் விற்க வேண்டும் என்று வற்புறுத்தியது. பல்கலைக்கழகம் முதலில் எவருக்குமே விற்பதில்லை என்று முடிவு செய்தது. பின்னர், 2012ஆம் ஆண்டில், பொதுமக்களுக்கும் விற்கத் தொடங்கியது. ஏழைக்கு ஒரு நீதி, செல்வனுக்கு ஒரு நீதி என்பது பல்கலைக்கழகத்துக்கு அழகன்று என்னும் இவ்வாதம் வலிமை வாய்ந்ததே.

மூன்றாவது நியாயம் பணம். ஒகையோவில் ஒரே பருவத்தில் பத்து இலட்சம் டொலருக்கு மேல் வருவாய் கிடைத்தது. அதில் ஒரு பகுதி மேலதிகப் பொலீஸ் உத்தியோகத்தருக்கும், மதுத் தீங்கைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கும் செலவிடப்பட்டது என்பதையும் சொல்லல் வேண்டும். ஆயினும் பணத்தின் தேவை நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு நீதிமன்ற உடன்பாடு அங்கீகரிக்கப்பட்டது. அதன்படி பல்கலைக்கழகங்கள் தம் விளையாட்டு வீரருக்கு நேரடியாகவே பணம் வழங்கலாம். முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகம் வழங்கக்கூடிய உச்சத்தொகை ஏறத்தாழ 205 இலட்சம் டொலர். இத்தொகையைத் தேடும் நிருவாகிகளின் கண் மதுக்கடையின் மீது விழாதிருக்குமா?

இனி, மறுபக்கத்துச் சான்றுகளைக் கேட்போம். கொலராடோப் பல்கலைக்கழகத்தின் அரங்கிலே முன்பு பியர் விற்கப்பட்டு வந்தது. 1996ஆம் ஆண்டில் அதை நிறுத்தினார்கள். அதன் விளைவை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, கைதுகளும், தாக்குதல்களும், அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டோரும், ஒழுக்க விசாரணைக்கு அனுப்பப்பட்ட மாணவரும் பெரிதும் குறைந்தமையைக் காட்டிற்று. மேற்கு வேர்ஜீனியாவில் விற்றதனால் அமைதி. கொலராடோவில் விற்காததனால் அமைதி! இவ்விரண்டும் எங்ஙனம் ஒக்கும்?

நேயர்களே, இவ்விடத்திலேதான் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். மேற்கு வேர்ஜீனியாவில் நிகழ்ந்த மாற்றம் ஒன்றன்று, இரண்டு. கடை திறந்ததும் வாயில் அடைத்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. நன்மை கடையினால் விளைந்ததா, வாயிலால் விளைந்ததா? ஒரு நோயாளிக்கு இரு மருந்துகளை ஒருங்கே கொடுத்துவிட்டு, இனிப்பான மருந்தே நோயைத் தீர்த்தது என்று சொல்ல முடியுமா? கொலராடோவின் அனுபவத்தையும் சேர்த்து நோக்கினால், குழப்பத்தைக் குறைத்தது மீள்நுழைவுத் தடையே என்று கருதுவதற்கு இடமுண்டு. ஆனால் பின்பற்றிய பலர் கண்ணுக்கு, கடை பெரிதாகவும் வாயில் சிறிதாகவும் தெரிந்துவிட்டது.

வேறு இரு ஆராய்ச்சிகளும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன. 2009ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, பல்கலைக்கழக அணி தன் ஊரில் ஆடும் நாட்களிலே அவ்வூரில் தாக்குதல்கள் 9 விழுக்காடும், மது போதையில் வாகனம் ஓட்டியமைக்கான கைதுகள் 13 விழுக்காடும், ஒழுங்கீன நடத்தைக்கான கைதுகள் 41 விழுக்காடும் அதிகரித்தன. மற்றொன்று மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டது. தொழில்முறை விளையாட்டுகள் முடிந்து அரங்குகளை விட்டு வெளியேறிய 362 பேரின் மூச்சை அவர்கள் சோதித்தனர். 40 விழுக்காட்டினரிடம் மது காணப்பட்டது; ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்த அளவைத் தாண்டியிருந்தனர். தரிப்பிட விருந்திலே குடித்தவரே அவ்வளவைத் தாண்டியிருக்கும் வாய்ப்பு மற்றோரைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதும் தெரியவந்தது. ஆபத்து அரங்கின் உள்ளே மட்டும் இல்லை. தரிப்பிடத்திலே தொடங்கி, வீடு திரும்பும் வீதியிலே முடிகிறது. அந்நாட்டில் கல்லூரி மாணவர் வயதினரிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 மாணவர், வாகன விபத்து உட்பட, மதுவோடு தொடர்புடைய விபத்துகளில் இறக்கின்றனர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் உயிரின் பின்னும் ஒரு தாயும் தந்தையும் இருப்பதை நினைத்தால், இது வெறும் வருவாய்க் கணக்கன்று என்பது விளங்கும்.

ஆகவே, என் அபிப்பிராயம் யாது? முழுத் தடையே எல்லா இடத்துக்கும் ஏற்றது என்று சொல்ல நான் துணியேன். வாயிலுக்கு வெளியே வெள்ளம் போல் ஓடுவதை வாயிலிலே தடுத்துவிட்டோம் என்று மனநிறைவு கொள்வது கண்ணை மூடிக்கொள்வதாகும். அதே வேளையில், பாதுகாப்பின் பெயரால் தொடங்கிய விற்பனை, காலப்போக்கில் வருவாயின் பொருட்டு நடப்பதாக மாறிவிடக் கூடாது. இதனை அறிதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு பல்கலைக்கழக நிருவாகமும் தன்னைத்தானே இவ்வாறு கேட்டுக்கொள்ளட்டும்: "இதில் ஒரு சதமேனும் இலாபம் இல்லையெனினும், நாம் இதை நடத்துவோமா?" ஆம் என்று நெஞ்சறியச் சொல்ல முடியுமானால், அது பாதுகாப்பு முறை. சொல்ல முடியாதாயின், அது தவறணை நடத்துவதே.

விற்பதாயின் சில விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். தென்கிழக்குக் கூட்டமைப்பு 2019ஆம் ஆண்டில் வகுத்த நிபந்தனைகள் இதற்கு நல்ல தொடக்கம். பியரும் வைனும் அன்றி வலிய மது கூடாது. இருக்கைகளுக்கிடையே கூவி விற்றலாகாது. குறித்த இடத்திலே, ஒவ்வொரு முறையும் வயதுச் சான்று பார்த்தே கொடுத்தல் வேண்டும். ஆட்டத்தின் மூன்றாம் கட்டம் முடிவுற்றதும் விற்பனை நிற்றல் வேண்டும் என அக்கூட்டமைப்பு விதித்தது. இவற்றோடு வேறு சிலவற்றையும் நான் சேர்ப்பேன். வெளியே சென்றவர் மீண்டும் நுழைதலாகாது. தரிப்பிட விருந்துக்கும் கால எல்லையும் மேற்பார்வையும் வேண்டும். கிடைக்கும் பணம் விளையாட்டு நிதியிற் சேராது, மாணவரின் சுகநலத்துக்கும் இரவுப் பேருந்துகளுக்கும் செல்லல் வேண்டும். ஆண்டு முடிவிலே பொலீஸ் கணக்கும் வைத்தியசாலைக் கணக்கும் பகிரங்கமாக வெளியிடப்படல் வேண்டும். தீங்கு மிகுந்ததாயின் கடை மூடப்படல் வேண்டும்.

இவற்றுள் மிகக் கடினமானது பணத்தைப் பற்றிய விதியே. மாணவர் மிகுதியாகக் குடித்தால் பல்கலைக்கழகத்துக்கு மிகுதியாக வருவாய் கிடைக்கும் என்னும் நிலை ஏற்பட்டுவிட்டால், அளவோடு குடி என்று மாணவனுக்குப் புத்தி சொல்லும் தகுதியை அப்பல்கலைக்கழகம் இழந்துவிடும். விற்பவனே காவலனாகவும் இருப்பது அரிது. பல்கலைக்கழகம் என்பது பெற்றோர் தம் பிள்ளைகளை நம்பி அனுப்பும் இடம். சனிக்கிழமை மாலையிலும் அந்த நம்பிக்கை அதனிடமே இருக்கிறது. ஆட்டத்தில் எந்த அணி வென்றதாயினும், அன்றிரவு அந்த மாணவர் தம் இருப்பிடம் நலமே சேர்ந்தனரா என்பதற்கு விடை சொல்லும் பொறுப்பும் அதற்கே உண்டு.