கிளாம்பாக்கம் வரை வந்தாயிற்று, அதற்கப்புறம்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் என்று பேச எவ்வளவோ இருந்தும், பஸ்ஸைப் பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி.

எனக்குச் சொந்த ஊர் தெள்ளார். வந்தவாசிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்குப் புதிய ரயில் பாதை போட 2006-07இல் ஒப்புதல் கிடைத்தது. இன்னும் ரயில் ஓடவில்லை. அதனால் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு எல்லாமே பஸ்தான். திண்டிவனத்தில் வண்டி மாறினால் கிளாம்பாக்கம் வந்துவிடலாம். ஆனால் அவர்கள் போக வேண்டியது எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் பாரிமுனைக்கும் உயர் நீதிமன்றத்துக்கும். கிளாம்பாக்கத்தில் இறங்கிய பிறகுதான் அவர்களுக்கு அலைச்சலே ஆரம்பம். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் வீடு வாங்கிய நமக்கும் அதே கதைதான்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். வெளியூர் பஸ்கள் முன்பு பிராட்வேயிலிருந்து புறப்பட்டன. 2002இல் கோயம்பேட்டுக்கு மாறின. அங்கே மெட்ரோ ரயில் வந்தது 2015 ஜூனில். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்டது. பெரிய இடம், நல்ல வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் திறந்த நாளில் பக்கத்தில் ரயில் நிறுத்தம் இல்லை. ஒரு பக்கம் வண்டலூர், இன்னொரு பக்கம் ஊரப்பாக்கம், இரண்டுக்கும் நடுவில் முனையம். நிலையம் ஒவ்வொரு முறை வெளியே நகரும்போதும், மீதித் தூரம் பயணியின் தலையில் விழுகிறது.

விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ நீட்டிப்பு, 15.46 கிலோமீட்டர், திட்டத்தில் இருக்கிறது. வரட்டும், வரவேற்போம். ஆனால் அதற்காகக் காத்திருப்பதையே நம் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம். நகரத்துக்குள் போக நமக்கு ஏற்கெனவே மின்சார ரயில் இருக்கிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931லேயே ஓட ஆரம்பித்தது. இன்று செங்கல்பட்டு வரை வருகிறது. நம்முடைய சிக்கல் வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை உள்ள இரண்டு, மூன்று கிலோமீட்டர். அதற்கு ஆட்டோவுக்குக் கொடுப்பது, எழும்பூர் வரை போகும் ரயில் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு.

கார், பைக் வைத்திருப்பவர்கள் சமாளித்துவிடுகிறோம். சமாளிக்க முடியாதவர்கள் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்கக்கூட மகன் லீவு போடும் வரை காத்திருக்கும் பெரியவர்கள், கல்லூரி முடிந்து இருட்டில் வரும் பிள்ளைகள், நம் வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள், காவலாளிகள். அரசு சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பஸ்ஸே வராத தெருவில் இருப்பவருக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்? 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்று’ செயலி வந்து, பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் என்றானது. நல்லதுதான். அந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏற, முதலில் நம் தெருவுக்கு ஒரு வண்டி வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. 2025 ஜூனில் அரசு தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில், ஒரு வழித்தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும். நம் உள்சாலைகளை மனதில் வைத்தே எழுதியது போல இருக்கிறது.

ஆகவே மூன்று வேலைகள். ஒன்று, வாட்ஸ்அப் குழுவில் வரும் படிவத்தில் உங்கள் வீட்டிலிருந்து யார், எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷனுக்குப் போகிறார்கள் என்று எழுதுங்கள். வேலைக்கு வருபவர்களையும் கேட்டு எழுதுங்கள். இரண்டு, பக்கத்துக் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொண்டு, அந்தக் கணக்கோடு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்போம். வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கும் அவர்தான் தலைவர். வெறும் புகாரைவிட, கணக்கோடு போகும் மனுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரயில் வரும் நேரத்துக்கு ஒத்து வண்டி வர வேண்டும் என்பதையும் அதில் எழுதுவோம்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. மினி பஸ்ஸை ஓட்டப்போவது தனியார். ஆள் ஏறாவிட்டால் அவர் எத்தனை நாள் ஓட்டுவார்? வண்டி வந்தால், வாரத்தில் இரண்டு நாளாவது காரை நிறுத்திவிட்டு நாம் ஏற வேண்டும். அதற்குத் தயார் என்பவர்கள் மட்டும் கை தூக்குங்கள். எண்ணி மனுவில் எழுதிக்கொள்கிறோம்.