கேட்டுவிட்டுக் கோடு கீறுங்கள்!

(வாகரையில் கூடிய கரையோர மக்கள் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

கதிரவெளியிலிருந்தும் பால்சேனையிலிருந்தும் பனிச்சங்கேணியிலிருந்தும் காயான்கேணியிலிருந்தும் வலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வந்திருக்கும் தோழர்களே!

நாம் இங்கு எவரையும் ஏச வரவில்லை. உல்லாசப் பயணிகள் இந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று முழங்கவும் வரவில்லை. வரட்டும்! நமது கடலின் அழகைக் காணட்டும். நமது நண்டை நல்ல விலை கொடுத்து வாங்கட்டும். அவர்களுக்குத் தங்குமிடம் வேண்டும், அவர்கள் வண்டிகள் நிற்க முற்றம் வேண்டும், கூடாரம் அடிக்க நிழல் வேண்டும் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் அவற்றுக்காகக் கரையைத் திருத்தியமைக்க வருகின்றவர்களிடம் ஒன்றைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. கோடு கீறுவதற்கு முன்னர் நம்மைக் கேட்டீர்களா? கீறிய பின்னர் வந்து கேட்டால் அதற்குப் பெயர் கலந்தாலோசனை ஆகாது, வெறும் அறிவித்தல்!

கோடு கீறுவோர் நமக்குப் புதியவர்கள் அல்லர். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் எழுந்தது. இலங்கைத் தீவில் முப்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை அது வாரிச் சென்றது. இறந்தவர்களுக்கு அழுது முடிக்குமுன்னரே, 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அரசாங்கம் ஓர் எல்லையைக் கூறியது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது. வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது. உயிரைக் காக்கவேண்டும் என்ற எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. கடல் எழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். ஆனால் தெற்கே காலியிலும் அம்பாந்தோட்டையிலும் அலை பாதியாகவா அடித்தது? நமக்கு மாத்திரம் இரட்டிப்பு அளவு ஏன்?

அதை விட்டுவிடுவோம். இந்த ஊரின் நிலத்தைப் பாருங்கள். கிழக்கே கடல், மேற்கே களப்பு. நடுவே கிடக்கும் நிலம் பல இடங்களில் ஒடுங்கிய நாடா. இங்கே கடலிலிருந்து பின்வாங்கு, பின்வாங்கு என்றால் களப்புக்குள்ளே கால் வைக்கவேண்டி வரும்! கொழும்பில் மேசைமேல் தேசப்படத்தை விரித்து அளவுகோல் வைத்தவர், பனிச்சங்கேணிப் பாலத்தின்மேல் ஒரு நாழிகை நின்று இருபக்கமும் பார்த்திருந்தால் இது விளங்கியிருக்கும். அந்த 200 மீற்றர் அவ்வாண்டு முடியும் தறுவாயில் தளர்த்தப்பட்டது. அதற்குள் ஒரு வருடம் போயிற்று. ஒரு வருடம், கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும்!

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். மீனவன் வீடு கட்டக்கூடாது என்று விலக்கப்பட்ட அதே நிலத்தில், உல்லாச விடுதிகளுக்குச் சலுகை காட்டப்பட்டது. கடல் ஆளைப் பார்த்தா அடிக்கும்? அறுகம்குடாவில் அவ்வாண்டே பெருந்திட்டமொன்று தீட்டினார்கள். அங்கே கடற்றொழில் செய்தவர்களும் சிறு விடுதி நடத்தியவர்களும் திட்டத்தின் செய்தியைக் கேட்டபின்னர்தான் கொதித்தெழுந்தார்கள். கனடா நாட்டு எழுத்தாளர் நவோமி கிளைன் 2007இல் வெளியிட்ட நூலிலே அறுகம்குடாவின் கதைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். உலகம் முழுவதும் அதைப் படித்தது. படிக்கவேண்டியவர்கள் படித்தார்களா என்பதுதான் ஐயம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் அதே 2005இல் ஓர் ஆணை பிறந்தது. 200 மீற்றருக்குள் இருப்பவர்கள் விரும்பினால் உள்ளே போகலாம், அரசு வீடு தரும். விரும்பாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்கலாம், ஆனால் உதவி கிடையாது! பசித்தவனிடம், சோறு வேண்டுமா, உன் பாயில் இருக்கவேண்டுமா என்று கேட்பது போன்றது இது. கேட்டோம் என்று ஏட்டிலே பதிந்துவிடலாம். அது கேட்டதாகுமா?

இடம் பெயர்வதைப் பற்றி வாகரை மக்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அலை அடித்து இரண்டாண்டு நிறையுமுன்னே போர் வந்தது. 2006 கார்த்திகை 8ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள்மேல் ஷெல் விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2007 தை மாதத்தில் வாகரை இராணுவத்தின் கையில் விழுந்தபோது, காடும் களப்பும் கடந்து வாழைச்சேனைப் பக்கம் ஓடியவர்களின் மக்கள் இன்று இந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவ்வாண்டே திரும்பி வந்து, சாம்பலைக் கூட்டித் தள்ளி, மறுபடியும் வேலி அடைத்தவர்கள் நீங்கள். மூன்றாவது தடவையும் பெயரவேண்டுமென்றால், எதற்காக என்று கேட்கமாட்டீர்களா?

அயலிலே பாசிக்குடாவைப் பாருங்கள். 2009இல் போர் ஓய்ந்தது. 2011 முதல் அங்கே விடுதிகள் ஒன்றை அடுத்து ஒன்றாகத் திறக்கப்பட்டன. நம் பிள்ளைகள் சிலருக்கு அங்கே வேலை கிடைத்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் தோணி இழுத்துவிட்ட கரை சுருங்கிப் போயிற்று. கடற்கரைக்குப் போன பாதைகள் மதில்களுக்கிடையே ஒடுங்கின.

இதிலே நாம் உற்றுப் பார்க்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. வாடைக்காற்று வீசும் மாரியில் நமது கடல் கொந்தளிக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையில்தான் அது அடங்கிக் கிடக்கும். கரைவலை இழுப்பது அந்த மாதங்களில்; மேற்குக் கரையிலிருந்து தொழிலாளர்கள் வந்து வாடி அடிப்பதும் அந்த மாதங்களில். வெள்ளைக்காரன் குளிக்க வருவதும் அதே மாதங்களில்தான்! வருடத்தில் பாதி நாள் ஒருவருக்கும் மறுபாதி மற்றவருக்கும் என்று பங்கு போட இயலாது. ஒரே கரை, ஒரே காலம், இரண்டு தொழில். ஆகவே எந்த இடத்தில் வலை இழுப்பது, எந்த இடத்தில் வண்டி நிறுத்துவது என்பதை முன்கூட்டியே இருசாராரும் இருந்து பேசித் தீர்க்காவிட்டால், பணமுள்ளவன் பக்கமே கரை சாயும். கரைவலைப் பாடு என்பது தேசப்படத்தில் இல்லை. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கயிறு இழுக்கிறவனுக்குத்தான் தெரியும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், கடலின் சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. கடலோடு கலக்கும் களப்பானால் உள்ளே 2 கிலோமீற்றர் வரை அந்த வலயம் நீளும். அதற்குள்ளே அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். பெருந்திட்டமென்றால் சுற்றாடல் தாக்க அறிக்கை எழுதி, 30 நாள் மக்கள் பார்வைக்கு வைத்து, அவர்கள் கருத்தைக் கேட்கவும் விதியுண்டு. கேட்க இனிமையாக இருக்கிறதல்லவா?

ஆனால் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் எந்த விடுதி பெருந்திட்டம்? 99 அறைக்கு மேற்பட்டால், அல்லது 40 ஹெக்டேயருக்கு மேற்பட்டால்! தொண்ணூறு அறையோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாத முதலாளி எவனாவது உண்டா? கூடாரமும் வண்டியும் நிற்கும் முற்றத்துக்கு அறை ஏது, எண்ணுவதற்கு? 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட கட்டாய மீள்குடியேற்றக் கொள்கையும் அப்படியே. 20 குடும்பங்களோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டால்தான் முழுமையான மீள்குடியேற்றத் திட்டம் வேண்டுமென்கிறது அது.

இப்பொழுது நமது வாடிக்கு வருவோம். கடற்கரையில் கிடுகாலும் தடியாலும் நிற்கும் வாடி யாருக்கு வீடு? எவருக்கும் வீடில்லை. வலையும் கயிறும் அங்கே. கருவாடு காய்வது அங்கே. மத்தியானச் சோறு வேகுவது அங்கே. வீடு வேறெங்கோ இருக்கும். நிலம் அரசாங்கத்தினுடையது; உறுதியும் இல்லை, பேர்மிற்றும் இல்லை. கணக்கெடுக்க வரும் உத்தியோகத்தர் குடும்பங்களை எண்ணுவார், உறுதிகளை எண்ணுவார். முப்பது வாடி பெயர்ந்தாலும் அவருடைய ஏட்டிலே பாதிக்கப்பட்ட குடும்பம் பூச்சியம் என்று விழலாம்! அந்த முப்பது வாடியால் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதற்கு அந்த ஏட்டில் நிரலே இல்லை. நாம் கேட்கும் முதலாவது திருத்தம் இதுதான்: கூரையை எண்ணாதீர்கள், தொழிலை எண்ணுங்கள்.

உறுதியில்லாதவன் அந்நியனா? செலிக்மன் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர் 1911இல் வேடர்களைப் பற்றி வெளியிட்ட நூலில் கரையோர வேடர்களையும் தனியே எடுத்து எழுதினார். அவர்களின் வழிவந்தோர் தமிழ் பேசி இன்றும் இந்தப் பிரிவில் வாழ்கிறார்கள். களப்பிலே மீனும் இறாலும் பிடித்துச் சீவிக்கிறார்கள். நில அளவையாளன் சங்கிலியைத் தூக்கி வருமுன்னர் இருந்தவர்களிடம் சங்கிலி போட்டவன் உறுதி கேட்கிறான்! (நம்மவர்களுள்ளும் சிலர், ஏழையின் காணியை அற்ப விலைக்கு வாங்கி வெளியாருக்குக் கைமாற்றுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்லுகின்றோம்.)

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்போம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், நோர்போக் மாவட்டத்தில், ஹேஸ்பரோ என்றொரு சிற்றூர். அங்கே கடல் மண்மேட்டைத் தின்றுகொண்டு வருகிறது. மேட்டின் விளிம்பிலே கரவன் முற்றமொன்று. கரவன் என்பது மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துவரும் சிறு வீடு. 2009இல் அந்நாட்டு அரசாங்கம் கரையோர மாற்றத்துக்கென முன்னோடித் திட்டமொன்றைத் தொடங்கி 15 உள்ளூராட்சி மன்றங்களுக்குப் பணம் ஒதுக்கியது. ஹேஸ்பரோவை ஆளும் வட நோர்போக் மன்றத்துக்கு 30 இலட்சம் பவுண் கிடைத்தது. விழப்போகும் 9 வீடுகளை விலைக்கு வாங்கி இடித்தார்கள். கரவன் முற்றத்தை உள்நாட்டுப் பக்கம் பெயர்க்கும் வேலையும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தது. எல்லாரும் மனம் நிறைந்து ஏற்றார்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் சக்கரம் பூட்டிய வீட்டைச் சில நூறு யார் தூரம் நகர்த்துவதற்கே அங்கே ஆண்டுக்கணக்காகப் பேசினார்கள். சக்கரமில்லாத நமது வாழ்வை நகர்த்த ஒரு கடதாசித் துண்டு போதுமா?

கேட்பதென்றால் எப்படிக் கேட்பது? திட்டத்தின் நகல் தமிழில் வரவேண்டும். ஆங்கில அறிக்கையைக் கொழும்பிலே ஒரு காரியாலயத்தில் வைத்து, ஆட்சேபம் இருந்தால் வந்து பாருங்கள் என்றால், வாகரையிலிருந்து யார் போவது? மட்டக்களப்பு நகரமே நமக்கு 60 கிலோமீற்றருக்கு அப்பால். கூட்டத்தைப் பிரதேச செயலகத்தில் காலை பத்து மணிக்கு வைத்தால் கதிரையை நிரப்பக் கந்தோர்க்காரர்கள்தான் இருப்பார்கள். வலைக்காரன் அப்பொழுது கயிற்றோடு நிற்பான். மாரியிலே, கடலுக்குப் போகாத நாட்களிலே, வாடிக்குப் பக்கத்திலே கூட்டம் வையுங்கள். பெண்களைத் தனியே இருத்திக் கேளுங்கள். கருவாடு காயவைக்கும் இடமும் தண்ணீர் அள்ளும் கிணறும் எங்கே இருக்கவேண்டுமென்று ஆண்களுக்குத் தெரியாது, தெரிந்ததாகச் சொல்லுவார்கள்!

கூட்டத்துக்கு வந்தவர்களிடம் வாங்கும் கையெழுத்து வரவுக்கா, சம்மதத்துக்கா என்பதைத் தாளின் தலைப்பிலேயே எழுதுங்கள். தேநீரும் பிஸ்கற்றும் தந்து வாங்கிய வரவு இடாப்பு, பின்னர் சம்மதப் பத்திரமாக வேடம் மாறுவதை நாடெங்கும் மக்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். நாம் கூறிய ஆட்சேபத்துக்கு எழுத்திலே பதில் தாருங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள்.

இந்தக் கூட்டம் கலையுமுன் ஒரு வேலை செய்வோம். கிராமத்துக்கு மூவரைத் தெரிவோம். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஒருவர் உறுதியில்லாதவராக இருக்கட்டும். வெருகல் ஆற்றுப் பக்கமிருந்து காயான்கேணி வரையில் கரைவலைப் பாடுகளையும் வாடிகளையும் தோணித் துறைகளையும் கடற்கரைக்குப் போகும் ஒழுங்கைகளையும் நாமே நடந்து அளந்து, நமது கையாலேயே ஒரு படம் கீறி, பிரதேச செயலாளரிடமும் கரையோரம் பேணற் திணைக்களத்திடமும் பதிவுத் தபாலில் சேர்ப்போம். பற்றுச்சீட்டை வைத்திருப்போம். கரையைத் திருத்த எவர் வந்தாலும் அந்தப் படத்தை மேசைமேல் விரித்தபின் பேச்சைத் தொடங்கட்டும்.